பாய்மரத்தின் கீழ் ஒரு பள்ளிக்கூடம்

மன்னார் நகரில் கடலை அடுத்து அமைந்த குடியிருப்பு உப்புக்குளம். முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் பல வாழும் பகுதி அது. காலை வேளையில் சீருடை அணிந்த சிறுவர் அங்கிருந்து பள்ளிக்குச் செல்வதை நாம் காணலாம். துறையில் எந்திரம் பொருத்திய படகுகள் கட்டுண்டு கிடப்பதையும் காணலாம். புத்தகப் பையைச் சுமந்து செல்லும் அந்தச் சிறுவனுக்கும் துறையில் கிடக்கும் அந்தப் படகுக்கும் கல்வி வழியாக ஒரு பழைய உறவு உண்டு. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு, இக்கரையின் ஏழைச் சிறுவர் பலருக்குப் பாய்மரத் தோணியே பள்ளிக்கூடமாக இருந்தது. அங்கே ஆசிரியர் இருந்தார், பாடத்திட்டம் இருந்தது, தேர்வும் இருந்தது. தேர்வில் தவறியவனைக் கடல் மன்னிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாறு எழுதப்படவில்லை. கல்லூரிகளின் வரலாறு உண்டு. அவற்றை நிறுவிய பாதிரிமார், பிரபுக்கள் ஆகியோரின் வரலாறு உண்டு. கல்வி என்ற சொல்லுக்கு யார் பொருள் வகுத்தார்கள், யாருடைய அறிவு கல்வியாக ஏற்கப்பட்டது, யாருடைய அறிவு வெறும் தொழிற்பழக்கம் என்று தள்ளப்பட்டது என்ற கேள்விகளை எழுப்பினால்தான் இந்த மௌனத்தின் காரணம் நமக்கு விளங்கும்.

இக்கரையின் மாலுமிகளுக்கு முதலில் மதிப்பெண் இட்ட அயலவர்களுள் ஒருவர் உரோமாபுரியைச் சேர்ந்த பிளினி. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய அவர், இலங்கைத் தீவின் மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்துக் கலம் செலுத்துவதில்லை என்றும், பறவைகளை உடன் கொண்டுசென்று, அவற்றைப் பறக்கவிட்டு, அவை செல்லும் திசையில் கரையைத் தேடுகிறார்கள் என்றும் குறித்துவைத்தார். வடதிசை எழுமீன் கூட்டம் இங்கே கண்ணுக்குத் தெரியாது என்பதும் அவர் கூற்று. மன்னார்க் கரையில் நின்று மாசி, பங்குனி மாதத்து இரவில் வடவானத்தைப் பார்க்கும் எந்தச் சிறுவனும் இந்தப் பேரறிஞரைத் திருத்திவிடுவான். எழுமீன் இங்கே நன்றாகவே தெரியும். துருவ மீனும் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் நிற்கிறது. கடலோடியைக் கேளாமல், கடலோடியைப் பற்றி எழுதும் வழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்பதற்கு இது போதிய சான்று.

மன்னாருக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் மாந்தையில் 1980 முதல் 1984 வரை அகழாய்வு நடந்தது. சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசிய மட்பாண்டத் துண்டுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் கைகுலுக்கிய சந்தை அது. அந்தச் சரக்குகளின் உடைமையாளரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஆராய்கிறார்கள். பாயை ஏற்றியவன் எங்கே கற்றான் என்பதும் ஆராயத்தக்க கேள்வியே. காற்றைக் கட்டியாண்டு கலம் ஓட்டிய திறத்தைப் புறநானூற்றில் பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்ற குயவர் குலப் பெண். புகழ் அங்கே கரிகாலனின் முன்னோனுக்குச் சேர்ந்தது. கயிற்றை இழுத்த கைகள் பெயரற்றே நின்றன.

அந்தக் கைகள் எவ்வாறு கற்றன?

மன்னார், பாம்பன், தொண்டி, நாகப்பட்டினம், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை ஆகிய துறைகளை அரசியல் எல்லைகளைக் கொண்டு இன்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். பாய்மரக் காலத்தில் அவை ஒரே பாடசாலையின் பல வகுப்பறைகள். சிறுவன் ஒருவன் பத்துப் பன்னிரண்டு வயதில் தோணியில் ஏறுவான். பெரும்பாலும் சமையற்காரனான பண்டாரிக்குக் கையாள் என்பதே அவனுடைய முதல் வகுப்பு. அடுப்பு அணையாமல் காப்பதும், குடிநீரை அளந்து கொடுப்பதும், அடித்தளத்தில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டுவதும் அவன் கடன். குடிநீர்ப் பீப்பாய்தான் அவனுக்கு முதற் கணக்குப் புத்தகம்: எத்தனை பேர், எத்தனை நாள், காற்று விழுந்துவிட்டால் இன்னும் எத்தனை நாள்?

அடுத்த வகுப்பு கயிறும் பாயும். பாயைத் தாங்கும் பருமலை ஏற்றும் கயிறு எது, பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு எது, எந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், எது ஒரே சுண்டலில் அவிழும் என்பவற்றை இருட்டிலும் மழையிலும் விரல்களே அறிந்திருக்க வேண்டும். பின்பு பாய்மர உச்சி. அதன்பின் சுக்கான். சுக்கானியாகித் தேறியவருள் ஒரு சிலரே தண்டையல் ஆனார்கள். தண்டையல் என்பவர் கப்பலின் தலைவர்; அவரே அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். அவருடைய வகுப்பு பெரும்பாலும் இரவில்தான் நடந்தது. பகலில் எல்லோருக்கும் வேலை இருந்தது. இரவில் வானம் திறந்திருந்தது.

பாடங்களைச் சற்று விரிவாகவே பார்ப்போம். முதலாவது காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஈழத்துக் கரையோர மக்கள் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் திசையை மட்டும் குறிப்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பருவம், ஒரு சந்தை, ஒரு வருமானம், ஓர் அபாயம். சோழகத்தின் துணைகொண்டு வடகிழக்கே வங்கக் கடலில் ஏறிய கலம், வாடையின் துணைகொண்டு திரும்ப வேண்டும். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில்தான் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. ஆண்டு முழுவதையும் காற்றின் பெயரால் பகுத்துவைத்திருந்த அந்தச் சிறுவனுக்குப் புவியியல் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

இரண்டாவது ஆழம். மன்னாருக்கு வடக்கேயுள்ள பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பாகத்துக்கும் குறைந்த ஆழமுடையது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இங்கே கலம் செலுத்துபவன் நீரின் நிறத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் அளப்பதும், குண்டின் அடியில் தடவிய மெழுகில் ஒட்டிவரும் மணலையும் சேற்றையும் சிப்பித் தூளையும் கண்டு இடத்தை அறிவதும் உலகெங்கும் மாலுமிகள் கையாண்ட முறை. மன்னார் வளைகுடாவின் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்று இக்கரை மக்கள் பெயரிட்டார்கள். 1902-இல் இங்கு வந்து ஆராய்ந்த உயிரியல் அறிஞர் எர்ட்மன், 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட முத்துச்சிப்பி அறிக்கையில் பெரிய பார், சேவல் பார் என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே இடம்பெற்றன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களின் கலைச்சொல், அரச கழகத்தின் வெளியீட்டில் ஏறியது. அந்தப் பார்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் மட்டும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

மூன்றாவது வானம். இங்கே நம் மாணவ நண்பர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1850-ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழ் ஒன்றில், காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படையதிகாரி சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். கருவி என்றால் ஒரு சிறிய மரப்பலகை. அதன் நடுவே கோத்த ஒரு கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். அவ்வளவுதான். இராப்பலகை என்பது அதன் பெயர். கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையைக் கண்ணுக்கு எதிரே பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடும் இடத்தில், பல்லுக்கு எந்த முடிச்சு வருகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டில் கலம் நிற்கிறது என்று பொருள்.

இதன் கணக்கு எளியது, ஆழமானது. துருவ மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அத்தனையாவது அட்சக்கோட்டில் நாம் நிற்கிறோம். மன்னாரில் அது 9 பாகை, நாகப்பட்டினத்தில் 11-க்குச் சற்றுக் குறைவு, சென்னையில் 13, இரங்கூனில் ஏறத்தாழ 17, அக்கியாபில் 20. வடக்கே செல்லச் செல்ல மீன் உயரும், பலகையைக் கண்ணருகே கொண்டுவர வேண்டும், கயிறு குறுகும். தெற்கே திரும்பத் திரும்பக் கயிறு நீளும். ஊர் நெருங்குகிறது என்பதைத் தன் பல்லில் கடித்த கயிற்றால் ஒருவன் அறிந்துகொண்டான். திரிகோண கணிதத்தின் பெயரை அறியாமலே அதன் பயனை வயிற்றுப்பாட்டுக்கு இழுத்துவந்த அறிவு இது. அரபு மாலுமிகளும் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினர். இந்துமாகடலின் உழைப்பாளிகள் மதம், மொழி என்ற சுவர்களைத் தாண்டி ஒருவரிடம் ஒருவர் பாடம் கேட்டார்கள் என்பதற்கு அந்த முடிச்சுக் கயிறே சாட்சி.

கலத்தின் வேகத்தை அளக்க அவர்கள் கையாண்ட முறையையும் அதே குறிப்பு சொல்கிறது. அணியத்தில் நின்று ஒரு மரச்சில்லைக் கடலில் எறிவார்கள். அது பின்னோக்கிச் செல்லும் வேகத்துக்கு ஈடாக ஒருவன் கலத்தின் மேலே பின்புறம் நடப்பான். தன் நடையின் வேகம் அவனுக்குத் தெரியும். எனவே கலத்தின் வேகமும் தெரியும். உடம்பே அளவுகோலான பள்ளிக்கூடம் அது.

இப்போது அதே 1850-ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்ததைப் பார்ப்போம். வெளிநாடு செல்லும் பிரித்தானிய வணிகக் கப்பல்களின் தலைவரும் துணைத் தலைவரும் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. குடிகாரத் தலைவர்களாலும் அரைகுறை அறிவாலும் கப்பல்கள் அழிந்துகொண்டிருந்த காலம். ஆகவே அந்தச் சட்டத்துக்குத் தக்க நியாயம் இருந்தது. அது நம் தோணிகளை நேரே தொடவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கடலறிவு இரண்டாகப் பிளந்தது. தாளில் எழுதி முத்திரையிடப்பட்ட அறிவு ஒன்று; நாவிலும் விரலிலும் நின்ற அறிவு மற்றொன்று. முன்னதற்குச் சம்பளமும் சீருடையும் கிடைத்தன. பின்னதற்குக் ‘கூலி’ என்ற பெயர் கிடைத்தது.

இந்தப் பாகுபாடு முற்றிலும் புதியதும் அன்று. 1849-இல் பிரித்தானிய நாவாய்ச் சட்டங்கள் நீக்கப்படும் வரை, லஸ்கார் எனப்பட்ட ஆசிய மாலுமி பிரித்தானிய முடியரசின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தவனாயினும் பிரித்தானிய மாலுமியாகக் கணிக்கப்படவில்லை. நீராவிக் கப்பல் வந்தபின் அவன் கரி அள்ளவும் தளம் கழுவவும் பயன்பட்டான். கப்பலின் தலைமை மேடை அவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது, அரசு அதை நசுக்கப் பாடுபட்டதன் காரணம் வெறும் கட்டணப் போட்டி மட்டுமா? கடல் யாருடையது என்ற கேள்வியை அந்தக் கப்பல்கள் எழுப்பின. இந்திய இளைஞர்கள் கப்பலதிகாரிகளாகப் பயில்வதற்கென்று ஒரு பயிற்சிக் கப்பல் பம்பாயில் நிறுத்தப்பட்டது 1927-இல்தான். ‘டஃபரின்’ என்ற அந்தக் கப்பல் 1972 வரை பணியாற்றிப் பல தலைமுறை அதிகாரிகளை உருவாக்கியது. அது விடுதலைப் போராட்டத்தின் ஒரு பயனே. ஆயினும் பண்டாரிக்குக் கையாளாகத் தொடங்கிய தோணிச் சிறுவனுக்கும் அந்தக் கப்பலுக்கும் இடையே ஆங்கிலம் என்னும் அகழி கிடந்தது.

சான்றிதழ் இல்லாத அந்தப் பள்ளியின் மாணவர்கள் எவ்வளவு தொலைவு செல்ல வல்லவர்கள் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை, சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். கப்பலுக்கு அவருடைய மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. 1937-இல் புறப்பட்ட அக்கப்பல், தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில், ஊர் மாலுமிகளின் கையில், சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள மரக்கலம் அது. நம் கரையின் தச்சரும் மாலுமிகளும் எழுதிய தேர்வு அது. திருத்தியது அத்திலாந்திக் சமுத்திரம்.

இவ்வளவும் சொன்னபின், பழமையைப் பொற்காலமாக்கும் மயக்கத்துக்கு நாம் இடம்கொடுக்கலாகாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அடி உண்டு, பசி உண்டு. சிறுவனுக்குப் பங்கு இல்லை, இருந்தால் அரைப்பங்கு. பல குடும்பங்கள் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியே மழைக்காலத்தைக் கடத்தின. தந்தை வாங்கிய கடனுக்கு மகனின் கல்வி அடமானம் ஆயிற்று. தண்டையல் பதவி பெரும்பாலும் சில குடும்பங்களின் உரிமையாகவே சுழன்றது. சாதியும் உறவும் அந்த வகுப்பறையிலும் உட்கார்ந்திருந்தன. பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. கரையில் வலை பின்னிய, மீன் உலர்த்திய, திரும்பாத தோணிக்காகக் காத்திருந்த பெண்களின் அறிவு அதனினும் ஆழமான மறதியில் புதைந்தது. எழுத்து இல்லாமையால் ஒரு தண்டையல் மூழ்கினால் அவருடன் ஒரு நூலகமே மூழ்கியது. கப்பல் கட்டுதலைப் பற்றித் தமிழில் ஏடுகள் இல்லாமல் இல்லை. ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடி 1950-இல் சென்னையில் அச்சேறியது. ஆனால் அது நாளும் கோளும் பார்க்கும் சாத்திரிகளின் குரலோடு கலந்த நூல். கயிற்றைப் பிடித்தவனின் குரல் அதில் தனித்துக் கேட்பதில்லை.

சாவிலும் வகுப்பு வேற்றுமை உண்டு. 1957 செப்டம்பரில் ‘பாமிர்’ என்ற செருமானியப் பயிற்சிப் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கில் சூறாவளியில் மூழ்கியது. 86 பேரில் 6 பேரே பிழைத்தனர். மாண்டவருள் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்கள். உலகச் செய்தித்தாள்கள் அழுதன, அழுதது நியாயமே. அதன்பின் ஏழே ஆண்டுகளில், 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில், தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னார்க் கரையையும் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற இரயில் வண்டியைக் கடல் விழுங்கியதை நாம் அறிவோம். 1914 முதல் தலைமன்னாரைத் தனுஷ்கோடியோடு இணைத்த கப்பல் வழி அத்துடன் அறுந்தது. அந்தக் கடலில் ஆண்டுதோறும் மாண்ட தோணிச் சிறுவர்களை மாணவர்கள் என்று எந்தச் செய்தித்தாளும் எண்ணியதில்லை.

இலங்கையில் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த அந்தச் சீர்திருத்தம் ஏழைச் சிறுவனைத் தோணியிலிருந்து இறக்கி வாங்கில் உட்காரவைத்தது. இது மக்களின் மாபெரும் வெற்றி; இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. பத்து வயதுச் சிறுவன் அடித்தளத்து நீரை இறைப்பதைவிட அகரம் எழுதுவது மேல். ஆனால் சிறுவன் கரையேறியபோது அவனுடைய கடல் கரையேறவில்லை. தந்தையின் அறிவுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை. படித்தவன் ஆவது என்றால் தந்தையின் தொழிலை மறந்தவன் ஆவது என்ற எண்ணம் வகுப்பறையிலேயே விதைக்கப்பட்டது. ‘தோணி’ என்ற சொல்லே இழிவுபட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளரை ஏசுவதற்குக் ‘கள்ளத்தோணி’ என்ற வசைமொழியை இந்நாட்டின் இனவாதம் கண்டுபிடித்தது.

நூற்றாண்டின் பிற்பாதியில் எந்திரம் வந்து பாயை இறக்கியது. பின்பு போர் வந்து மனிதரையே இறக்கியது. கடல் தடைவலயமாயிற்று. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களும் அக்கொடுமைக்கு ஆளாயினர். முதியவர் ஓர் ஊரிலும் பேரன் ஓர் ஊரிலுமாக, கடலே இல்லாத முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. வீடும் பொருளும் இழந்ததைக் கணக்கிடலாம். பேரனுக்குச் சொல்லப்படாமல் போன காற்றின் பெயர்களை யார் கணக்கிடுவது?

இதற்கிடையே செல்வ நாடுகள் பாய்மரத்தைப் பள்ளிக்கூடமாக மீண்டும் கண்டுபிடித்துவிட்டன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உயர்பள்ளி மாணவர்கள் பெருங்கட்டணம் செலுத்திப் பாய்க்கப்பலில் ஓராண்டு பயில்கிறார்கள். 2010 பிப்ரவரியில் ‘கன்கார்டியா’ என்ற அத்தகைய கனடியப் பள்ளிக் கப்பல் பிரேசிலுக்கு அப்பால் கவிழ்ந்தபோது 64 பேரும் மீட்கப்பட்டார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. 1997-இல் பணியில் சேர்ந்த ‘தரங்கிணி’ என்ற இந்தியக் கடற்படைப் பயிற்சிப் பாய்க்கப்பல், 2003, 2004 ஆண்டுகளில் உலகையே சுற்றிவந்தது. கயிறு இழுப்பது ஒற்றுமையைக் கற்பிக்கிறது, இரவுக் காவல் பொறுப்பைக் கற்பிக்கிறது என்று கல்வியாளர்கள் இன்று எழுதுகிறார்கள். உண்மைதான். அதே கயிற்றைக் கூலிக்கு இழுத்தவன் படிக்காதவன். கட்டணம் கட்டி இழுப்பவன் மாணவன். கயிறு ஒன்றே, இழுப்பவனின் வகுப்பு வேறு.

ஆகவே, கரையோரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பாய்மரக் காலத்தைக் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உப்புக்குளத்திலும், பேசாலையிலும், வல்வெட்டித்துறையிலும், பாக்கு நீரிணையின் அக்கரையில் தொண்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் ஒரு குறிப்பேட்டுடன் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். காற்றின் பெயர்களை எழுதிவரச் சொல்லுங்கள். விண்மீன்களின் பெயர்களை, பார்களின் பெயர்களை, கயிறுகளின் பெயர்களை எழுதிவரச் சொல்லுங்கள். கடனுக்காகக் கடலேறியது யார், திரும்பாதது யார் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பின்பு வகுப்பறையில் ஒரு மரப்பலகையும் ஒரு முழக் கயிறும் கொண்டு இராப்பலகை ஒன்று செய்யுங்கள். துருவ மீனின் உயரத்தை அளந்து, தம் ஊர் நிற்கும் அட்சக்கோட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கணிதமும் புவியியலும் வரலாறும் அந்த ஒரு முடிச்சில் சந்திக்கும்.

தாத்தா படிக்காதவர் என்று இதுவரை சொல்லிவந்த சிறுவன், அன்றிரவு அவரிடம் வேறொரு மரியாதையோடு பேசுவான். முதியவரோ, எழுத்தறிந்த அந்தப் பேரனின் கையிலுள்ள பேனாவைப் பார்த்து, தம் அறிவு தம்மோடு மூழ்கிவிடாது என்று முதன்முறையாக நம்புவார். கையறிவும் ஏட்டறிவும் பகைவர் அல்லர். அவற்றைப் பிரித்துவைத்தது சமுதாய அமைப்பு. அவற்றைச் சேர்த்துவைக்கும் பணி ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. முதியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. குறிப்பேட்டை நாளைக்கே எடுக்க வேண்டும்.